டோக் பிசினுக்கு நாற்காலி போட்ட கதை

திண்டுக்கல்லில் ஒரு வாக்கியத்தை மொழிபெயர்த்து வாங்க ஆறு மாதம் ஆகும். அவசரம் என்று சொல்லிவிட்டால் இன்னும் கொஞ்சம் கூடுதலாக ஆகும். அந்த அவசரம் உண்மையானதா என்று விசாரிக்கத் தனியாக ஒரு அமர்வு போடுவார்கள். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. மரியநாதபுரத்தில் பந்தல் சாமான் வாடகைக்கு விடும் சேவியருக்கு நடந்ததைச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

சேவியரின் ஒரே மகன் ஜெரோம் பப்புவா நியூ கினியில் மீனை டின்னில் அடைக்கும் கம்பெனி ஒன்றில் குளிர்பதன மெக்கானிக்காக இருந்தான். ஒப்பந்தம் முடிந்து வைகாசியில் ஊர் திரும்பியபோது ஆக்னஸையும் கூட அழைத்து வந்தான். அதே கம்பெனியில் மீன் சுத்தம் செய்யும் பிரிவில் இருந்தவள். இவளைத்தான் கட்டிக்கொள்ளப் போகிறேன், இங்கேயே இருந்து கடையைப் பார்த்துக்கொள்கிறேன் என்றான். சேவியரின் மனைவி அந்தோணியம்மாள் ஒரு நாள் முழுக்க யாரோடும் பேசவில்லை. மறுநாள் அந்தப் பெண் அடுப்படியில் தானாக உட்கார்ந்து வெங்காயம் உரிப்பதைப் பார்த்துவிட்டு, "சாப்டியா?" என்று கேட்டாள். வீட்டு எதிர்ப்பு அதோடு முடிந்தது.

சேவியரோ நேராக மதுரைக்குப் போய் மணமக்கள் உட்காரும் ராஜா நாற்காலி ஒரு ஜோடி வாங்கி வந்தார். சிவப்பு வெல்வெட், தங்கக் கலர் சாய்மானம், கைப்பிடியில் சிங்கத் தலை. முப்பது வருடமாக ஊரார் கல்யாணத்துக்கெல்லாம் நாற்காலி போட்டவருக்கு, தன் வீட்டுக் கல்யாணத்துக்கு யாரும் உட்காராத நாற்காலி வேண்டும் என்று ஆசை. மேலே சுற்றியிருந்த பாலித்தீனைக்கூடப் பிரிக்காமல் கடையின் உள்ளே வைத்தார். கேட்டவர்களிடம், "மொதல்ல எம் மகன் உட்காரட்டும். பெறகுதேன் வாடகைக்கு" என்று சொல்லிவிட்டார்.

மாதா கோயிலில் கல்யாணத்தை மந்திரித்து வைக்கப் பங்குச்சாமி தயாராகத்தான் இருந்தார். ஆனால் பதிவு அலுவலகத்தில் திருமணம் பதிவாகாவிட்டால் ஆக்னஸ் இந்த நாட்டில் தங்க முடியாது. அவளுக்குக் கார்த்திகைக் கடைசி வரைதான் விசா. பதிவு செய்ய, அவளுக்கு முன்பே கல்யாணம் ஆகவில்லை என்று அவள் ஊர் அதிகாரி எழுதிக் கொடுத்த தாள் வேண்டும். அதுவும் இருந்தது. அவர்கள் பேசும் டோக் பிசின் மொழியில், ஆங்கில எழுத்தில், ஒரே ஒரு வாக்கியம்.

பதிவு அலுவலக எழுத்தர் அதை வாய்விட்டுப் படித்தார். "ஆக்னஸ் இ நோ மாரிட் யெட்." பிறகு சேவியரைப் பார்த்தார். "கல்யாணம் ஆகலைன்னு போட்டிருக்கு. நல்லாவே புரியுது."

"அப்பப் பதிஞ்சிருங்க சார்."

"எனக்குப் புரிஞ்சுதுன்னு நான் எப்படி அண்ணே எழுத முடியும்? சான்று பெற்ற மொழிபெயர்ப்பு வேணும். பேகம்பூர்ல மையம் இருக்கு, அங்க போங்க."

அயல்மொழி ஒப்பாய்வு, மொழிபெயர்ப்பு மற்றும் சான்றளிப்பு உயர் மையம் பேகம்பூரில் ஒரு தோல் கிடங்கின் மாடியில் இருக்கிறது. கீழே தோலை உப்புப் போட்டு அடுக்கியிருப்பார்கள். மேலே மொழிகளை. மாடிப்படி ஏறியதும் முதல் மேஜையில் நைனா முகமது இருந்தார். ஓய்வு பெறும் வயதை நெருங்கிய பிரிவு எழுத்தர். சேவியரின் நாற்காலிகளில் உட்கார்ந்துதான் அவருடைய மூன்று பெண்களின் நிக்காஹ்வும் நடந்தது.

அவரும் தாளை வாங்கிப் படித்தார். "கல்யாணம் ஆகலைன்னு சொல்லுது. மாஷா அல்லா. இதுக்கு எதுக்குண்ணே இங்க வந்தீங்க?"

"உங்க முத்திரை வேணுமாம் பாய்."

நைனா முகமதுவின் முகம் வாடிவிட்டது. "முத்திரையா" என்று மட்டும் சொல்லி, இயக்குநர் அறையைக் காட்டினார்.

இயக்குநர் முனைவர் தேவதர்ஷினி மரியாதை தெரிந்தவர். சேவியரை உட்காரச் சொல்லி, தேநீர் வரவழைத்து, பிறகுதான் முடியாது என்றார். டோக் பிசின் என்பது ஆங்கிலத்தை அடியாகக் கொண்ட கிரியோல் என்று விளக்கினார். கப்பலில் வந்த இங்கிலீஷும் தீவுக்காரர்களின் பேச்சும் தோட்ட வேலையில் பழகிப் பழகிப் பிறந்த மொழி. அந்த மொழிக்கு மையத்தில் வல்லுநர் இல்லை. ஆனால் பக்கத்துத் தீவு நாடான வனுவாட்டில் பேசும் பிஸ்லாமா என்ற இன்னொரு கிரியோலுக்கு வல்லுநர் இருக்கிறார். இரண்டும் அக்கா தங்கை மொழிகள் என்று எல்லோரும் சொல்கிறார்கள்.

"அப்ப அவரே பார்த்துச் சொல்லிரலாமே மேடம்."

"எல்லோரும் சொல்வது ஆதாரம் ஆகாது, ஐயா. இரண்டு மொழிகளையும் முறைப்படி ஒப்பிட வேண்டும். ஒப்பிட்டு, நெருக்கமானவை என்று குழு தீர்மானம் போட்ட பிறகே ஒன்றின் வல்லுநர் மற்றொன்றைத் தொட முடியும்."

"படிச்சாலே புரியுதுன்னு எல்லாரும் சொல்றாக மேடம்."

இயக்குநர் புன்னகைத்தார். "புரிவது வேறு, மொழிபெயர்ப்பு வேறு. எல்லோருக்கும் புரிய ஆரம்பித்தால் நாங்கள் எதற்கு இருக்கிறோம், சொல்லுங்கள்."

சேவியருக்குப் பதில் தெரிந்திருந்தது. ஆனால் தேநீர் குடித்துவிட்ட மரியாதைக்குச் சொல்லவில்லை. ஆனியில் விண்ணப்பம் கொடுத்தார். அறிவியல் முறைப்படி இயங்கும் மையம்தான் என்றாலும் ஆடியில் புதுக் காரியம் வேண்டாம் என்று ஆவணிக்குத் தள்ளினார்கள்.

ஆவணியில் முதல் அமர்வு. மையத்தில் ஆட்கள் ஆறு பேர், நாற்காலி ஐந்து. விண்ணப்பதாரரே பந்தல் கடைக்காரர் என்று தெரிந்ததும் குழுவுக்கு ஒரு உற்சாகம் பிறந்து, எண்பது நாற்காலி கேட்டார்கள். சேவியர் இறக்கினார். ஜெரோம் கிடங்கின் முன்னால் ஷாமியானா கட்டினான். ஆக்னஸ் நாற்காலிகளை வரிசை பிடித்தாள். வெளியிலிருந்து வந்த குழுவினரையும் சேர்த்து எண்பதில் பன்னிரண்டில்தான் ஆள் உட்கார்ந்தது என்றாலும், காலியாக இருந்தவையும் அமர்வுக்கு ஒரு கம்பீரம் கொடுத்ததாக இயக்குநர் குறிப்பிட்டார்.

குத்துவிளக்கு ஏற்றி முடிந்ததும் ஒருவர் எழுந்து பேனரைக் காட்டினார். அதில் 'பிஸ்லாமா – டோக் பிசின் ஒப்பீடு' என்று இருந்தது. டோக் பிசின்தானே பெரிய நாட்டின் மொழி, அது ஏன் இரண்டாவதாக வருகிறது என்றார். மற்றொருவர், வல்லுநர் இருக்கிற மொழிக்குத்தான் முதலிடம் என்றார். நாளைக்கு வனுவாட்டு அரசாங்கம் கேட்டால் யார் பதில் சொல்வது என்று மூன்றாமவர் கவலைப்பட்டார். வனுவாட்டுக்குத் திண்டுக்கல் இருப்பதே தெரியாது என்று யாரும் சொல்லவில்லை. மதியம் வரை இதே பேச்சு. கடைசியில் இரண்டு பேனர் அடித்து எதிரெதிரே கட்டுவது என்று முடிவாயிற்று.

சாப்பாட்டுக்கு இரண்டு கடைகளிலிருந்து சீரகச் சம்பா பிரியாணி வந்திருந்தது. குழுவினர் இரண்டையும் தின்று பார்த்து, கறி எதில் மெத்து, மசாலா எதில் தூக்கல், குஸ்கா எதில் உதிரி என்று அரை மணி நேரத்தில் ஒருமனதாகத் தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள். அதற்குத் தீர்மானம் எதுவும் தேவைப்படவில்லை.

அன்று சாயங்காலம் நாற்காலிகளை அடுக்கும்போது ஆக்னஸ் ஜெரோமிடம் ஏதோ கேட்டாள். அவன் சிரித்துக்கொண்டே அப்பாவிடம் சொன்னான்.

"குழுவுல பேசுன பாஷை என்ன பாஷைன்னு கேக்குறாப்பா. பாதி இங்கிலீஷ் மாதிரி இருக்காம், முழுசா இங்கிலீஷும் இல்லையாம்."

"மேட்டரை டீப்பா டிஸ்கஸ் பண்ணி ஃபைனலைஸ் பண்ணிரலாம்னு சொன்னாங்களே, அதையா?"

"அதேதேன்."

"ஆபீஸ் தமிழுன்னு சொல்லு. அதையும் இதுல சேர்த்து ஒப்பிட்டுறப் போறாக, சத்தமாப் பேச வேணாம்."

புரட்டாசியில் இரண்டாம் அமர்வு. இதில்தான் உண்மையான ஒப்பீடு என்று நைனா முகமது சொல்லியனுப்பியிருந்தார். ஆக்னஸ் மாதிரிப் பேச்சாளராக அழைக்கப்பட்டாள். பிஸ்லாமா வல்லுநர் முனைவர் இளவேனில் கோப்புகளோடு வந்தார். இணையத்தில் வகுப்புக் கேட்டுச் சான்றிதழ் வாங்கியவர், பிஸ்லாமா பேசும் மனிதர் ஒருவரையும் நேரில் கண்டதில்லை. பக்கத்து வீட்டு மொழி பேசுகிறவளைப் பார்த்ததுமே அவர் கோப்புகளைக் கீழே வைத்துவிட்டார்.

மைக்கை வாங்கி, "வானெம் நெம் ப்லோங் யூ?" என்று மெதுவாகப் பெயரைக் கேட்டார்.

ஆக்னஸ் நிமிர்ந்தாள். வைகாசிக்குப் பிறகு ஜெரோமைத் தவிர யாரும் அவளிடம் அப்படிப் பேசவில்லை. "நெம் பிலோங் மி ஆக்னஸ்" என்றாள். அடுத்து அவர் வீடு எங்கே என்றார், அவள் சொன்னாள். அம்மா இருக்கிறார்களா என்றார், அதற்கும் சொன்னாள். அப்புறம் அவள் ஒன்று கேட்டாள், இவர் பதில் சொன்னார். இருவரும் சிரித்தார்கள். மேடைக்குக் கீழே நின்றிருந்த சேவியருக்கே முக்கால்வாசி புரிந்தது. அவர் மனதுக்குள் தேவமாதாவுக்கு நன்றி சொல்லி, பந்தலைப் பிரிக்கலாமா என்று ஜெரோமிடம் கண்ணால் கேட்டார்.

இயக்குநர் மேஜையைத் தட்டினார்.

"முனைவர் இளவேனில், என்ன செய்துகொண்டிருக்கிறீர்கள்?"

"பேசிக்கொண்டிருக்கிறோம், மேடம். நான் பிஸ்லாமாவில் பேசுகிறேன், அவர் டோக் பிசினில் பதில் சொல்கிறார். ஒருவருக்கொருவர் புரிகிறது."

"அதுதான் பிரச்சினை. ஒப்பீடு தொடங்குவதற்கு முன்பே நீங்கள் புரிந்துகொண்டுவிட்டீர்கள். இப்போது நடுநிலையாக எப்படி ஒப்பிடுவீர்கள்?" பிறகு அவையைப் பார்த்து உரையாற்றினார். "நண்பர்களே, இந்த மையத்தை நாம் எவ்வளவு பாடுபட்டு உருவாக்கினோம். இரண்டு பேர் சந்தித்து, பேசி, புரிந்துகொண்டு, சிரித்துவிட்டுப் போவதற்கு ஒரு மையம் தேவையா? அதைச் சந்தையிலேயே செய்கிறார்களே. புரிதல் என்பது நம்முடைய கடைசிக் கட்டம். அதை முதல் கட்டத்திலேயே அனுமதித்தால் இடையில் இருக்கிற நாம் அத்தனை பேரும் என்ன ஆவோம்?"

கைதட்டினார்கள். புரிதல் அவைக்குறிப்பிலிருந்து நீக்கப்பட்டது. இளவேனில் இனி மாதிரிப் பேச்சாளரைப் பார்க்கக் கூடாது என்று நடுவில் ஒரு திரை கட்டச் சொன்னார்கள். திரையும் சேவியர் கடையிலிருந்துதான் வந்தது.

ஐப்பசி அமர்வைச் சொல்ல எனக்கே அலுப்பாக இருக்கிறது. இரண்டும் தீவு மொழிகள் என்பதால் தண்ணீர் சூழ்ந்த இடத்தில் கள ஆய்வு நடத்த வேண்டும் என்றார்கள். பசிபிக் பெருங்கடலுக்கு அனுமதி கேட்டார்கள். கொடைக்கானல் ஏரிக்குக் கிடைத்தது. மினி வேனில் நாற்காலிகள் மலையேறின. வல்லுநர் ஒரு படகிலும் குழு மற்றொரு படகிலுமாக ஏரியைச் சுற்றினார்கள். ஆக்னஸ் கரையில் சேவியரோடு நின்று வேகவைத்த சோளம் தின்றாள். குளிருக்கு அந்தோணியம்மாளின் பழைய சால்வையைப் போர்த்தியிருந்தாள்.

"மாமா, அவுக என்ன பாக்குறாக?" என்றாள்.

சேவியர் திரும்பிப் பார்த்தார். அவள் தமிழில் கேட்டிருந்தாள். நாற்காலி அடுக்கும்போதும் அந்தோணியம்மாளோடு வெஞ்சனத்துக்குக் காய் நறுக்கும்போதும் ஒட்டிக்கொண்ட தமிழ்.

"தண்ணி இருக்கான்னு பாக்குறாக தாயி."

"இருக்கு மாமா. நான் பாத்துட்டேன். போவமா?"

சேவியருக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் விசா முடிய இன்னும் ஒரு மாதம்தான் இருந்தது. அன்றிலிருந்து அவர் யாரிடமும் அவசரம் என்ற சொல்லைச் சொல்லவில்லை. சொன்னால் அதற்கும் நாற்காலி போட வேண்டியிருக்கும்.

கார்த்திகைக் கடைசி வெள்ளிக்கிழமை நிறைவு விழா. அன்றே தீர்மானம், அன்றே மொழிபெயர்ப்பு, அன்றே முத்திரை என்று இயக்குநர் உறுதி கொடுத்துவிட்டார். ஆக்னஸுக்கு ஞாயிற்றுக்கிழமை விமானம். பதிவு அலுவலகத்தில் சனிக்கிழமை கூட உட்கார்ந்து முடித்துத் தருவதாக அந்த எழுத்தர் சொல்லியிருந்தார். நல்ல மனிதர். விழாவுக்கு வத்தலக்குண்டு சாலையில் ஒரு கல்யாண மண்டபத்தைப் பிடித்திருந்தார்கள்.

வியாழக்கிழமை நைனா முகமது கடைக்கு வந்தார். வந்தவர் வாசலில் அடுக்கியிருந்த பிளாஸ்டிக் நாற்காலிகளை எண்ணிக்கொண்டிருந்தார்.

"சொல்லுங்க பாய்."

"சிறப்பு விருந்தினர் சென்னையிலேர்ந்து வாராரு. அவரும் மேடமும் உட்கார நல்ல நாற்காலி வேணுமாம்." அவர் கண் கடையின் உட்புறம் போனது. "நான் கேக்கல சேவியர் அண்ணே. கேக்கச் சொன்னாங்க. அது இல்லாட்டி விழாவைத் தள்ளி வைக்கலாம்னும் சொன்னாங்க."

சேவியர் உள்ளே போனார். பாலித்தீனைத் தானே பிரித்தார். பிரிக்கும் சத்தத்தைக் கேட்டு ஜெரோம் எட்டிப் பார்த்துவிட்டு நாற்காலியை ஒரு பக்கம் பிடித்தான். வீட்டுக்குப் போனதும் அந்தோணியம்மாள் மட்டும் கேட்டாள், "கொடுத்துட்டீகளா?" அவர் தலையாட்டினார். அன்று இரவு அந்த வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

விழா சிறப்பாக நடந்தது. இயக்குநரும் சிறப்பு விருந்தினரும் சிவப்பு வெல்வெட் நாற்காலிகளில் ஜோடியாக உட்கார்ந்தார்கள். நிலக்கோட்டையிலிருந்து வந்த மல்லிகை மாலைகளை இருவர் கழுத்திலும் போட்டார்கள். மண்டபத்து போட்டோக்காரர் பழக்க தோஷத்தில், "கொஞ்சம் நெருங்கி உட்காருங்க, மாப்பிள்ளை இந்தப் பக்கம் பாருங்க" என்றார். சிறப்பு விருந்தினர் பார்த்தார்.

இயக்குநர் தீர்மானத்தை வாசித்தார். இரண்டு மொழிகளும் நெருக்கமானவை, ஆனால் ஒன்றல்ல. ஆகவே முனைவர் இளவேனில் டோக் பிசின் வாக்கியத்தைத் தமக்கு அதிகாரம் உள்ள மொழியில் பெயர்த்துத் தர இக்குழு அனுமதிக்கிறது. பெயர்த்தும் ஆயிற்று. கண்ணாடிச் சட்டம் போட்ட தாளைச் சிறப்பு விருந்தினர் சேவியர் கையில் கொடுத்து, பொன்னாடையும் போர்த்தினார்.

சேவியர் கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் படித்தார். 'ஆக்னஸ் ஹெம் இ நோ மாரெட் யெட்.' கீழே ஊதா முத்திரை.

"மேடம், இது என்ன பாஷை?"

"பிஸ்லாமா. அவருக்கு அதிகாரம் உள்ள மொழி அதுதானே."

"எங்களுக்குத் தமிழ்ல வேணும் மேடம்."

"அதற்குத் தனி விண்ணப்பம் கொடுங்கள், ஐயா. பிஸ்லாமாவையும் தமிழையும் இன்னும் ஒப்பிடவில்லையே." அவர் குரலில் கோபமே இல்லை. உண்மையாகவே உதவ நினைப்பவரின் குரல். அதுதான் எனக்கு இன்றுவரை ஆறவில்லை.

நிகழ்ச்சி நிரலில் அடுத்தது மாதிரிப் பேச்சாளர் தம் தாய்மொழியில் நன்றி சொல்வது. ஆக்னஸ் மைக் முன்னால் வந்து நின்றாள். அந்தோணியம்மாளின் பட்டுச் சேலை கட்டியிருந்தாள்.

"எல்லாருக்கும் வணக்கம். எம் பேரு ஆக்னஸ். எனக்கு இன்னும் கல்யாணம் ஆகல. அந்தத் தாளுல இம்புட்டுத்தேன் இருக்கு. எங்க மாமா படிச்சாரு, புரிஞ்சுது. பாய் படிச்சாரு, புரிஞ்சுது. ஆபீஸ்ல படிச்சாக, புரிஞ்சுது. ஒங்களுக்கும் புரியும்." கொஞ்சம் நிறுத்தினாள். "நான் ஞாயித்துக்கெழம போறேன். எனக்குப் போக மனசில்ல. இவரைக் கட்டிக்கிட்டு இங்கயே இருக்கணும்னு வந்தேன். இம்புட்டு நாற்காலி போட்டோமே, நானும் இவரும் உட்கார ரெண்டு கெடைக்கலியே."

சிறப்பு விருந்தினர் கைப்பிடியின் சிங்கத் தலையிலிருந்து கையை எடுத்தார். இளவேனில் தலை குனிந்திருந்தார். நைனா முகமதுவின் பேனா மட்டும் வேகமாக ஓடிக்கொண்டிருந்தது.

இயக்குநர் எழுந்தார். "மிக அழகாகப் பேசினார். ஆனால் தமிழ் இந்த ஒப்பீட்டின் வரம்புக்குள் வராது. ஆகவே இதைக் குறிப்பில் ஏற்ற இயலாது. மாதிரிப் பேச்சாளர் நன்றி கூறினார் என்று மட்டும் போட்டுக்கொள்ளுங்கள்." நைனா முகமது எழுதியதை அடித்தார்.

ஞாயிற்றுக்கிழமை மதுரை விமான நிலையத்தில் ஆக்னஸ் அந்தோணியம்மாளைக் கட்டிக்கொண்டு அழுதாள். விசா மறுபடி கிடைத்தால் பங்குனியில் வருவதாகச் சொன்னாள். சேவியரிடம், "மாமா, வாரேன்" என்றாள். போகிறேன் என்று சொல்லக் கூடாது என்பதையும் யாரோ கற்றுக் கொடுத்திருக்கிறார்கள்.

தை பிறந்ததும் மையத்திலிருந்து வேன் வந்தது. பிஸ்லாமா – தமிழ் ஒப்பீட்டின் முதல் அமர்வு. நைனா முகமது இறங்கி வந்தார். சேவியர் பிளாஸ்டிக் நாற்காலிகளைக் கணக்குப் பார்க்காமல் ஏற்றிவிட்டார்.

"அந்தப் பெரிய நாற்காலி ரெண்டும் கேட்டாங்கண்ணே. சென்னைக்காரருக்கு அதுல உட்கார்ந்தது சொகமா இருந்துச்சாம்."

சேவியர் உள்ளே போய்த் தோளில் கிடந்த துண்டை எடுத்து, பஸ்ஸில் சீட்டுப் பிடிப்பது போல இரண்டு நாற்காலிக்கும் சேர்த்து விரித்துப் போட்டார்.

"ஆள் வருது பாய்."

நைனா முகமதுவும் பின்னாலேயே உள்ளே வந்து பார்த்தார். பிறகு குனிந்து, ஒரு பக்கம் சரிந்திருந்த துண்டை நேராக இழுத்துவிட்டு, வேனில் ஏறிப் போனார்.